ஜனவரியின் முதல் ஞாயிறு

ஹாங்காங்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக நான்காம் ஆண்டை முடிக்கப்போகும் நானும், ஓட்டல் இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கும் அவரும் பிலிப்பைன்ஸின் இலோய்லோவைச் சேர்ந்தவர்கள். தேவாலயத் திருமணத்தை ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்ளலாம், பதிவை மட்டும் இங்கேயே முடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

செய்தியைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த வருஷம்?" என்பதுதான். அக்காவின் திருமணம் இந்த ஏப்ரலில் நடந்தது. உடன்பிறந்தவர்கள் இருவர் ஒரே ஆண்டில் மணம் செய்துகொண்டால் ஒருவரின் நல்லூழை மற்றவர் பறித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையை நாங்கள் 'சுகோப்' என்போம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அம்மாவின் மனக்குறையோடு மணமேடை ஏறவும் விருப்பமில்லை. இங்குள்ள சட்டப்படி, திருமண அறிவிப்பு கொடுத்துக் குறைந்தது 15 நாட்கள் காத்திருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் மணம் முடிக்காவிட்டால் அந்த அறிவிப்பு செல்லாது. ஆகவே அக்டோபர் நடுவில் அறிவிப்பைக் கொடுத்து, ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். ஹாங்காங் பூங்காவுக்குள் இருக்கும் காட்டன் ட்ரீ டிரைவ் பதிவகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம் வேலைநாள் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கோ ஞாயிறு மட்டுமே ஓய்வு நாள்.

எங்களில் எவருக்கும் முன்பு மணமாகவில்லை என்பதற்கு இங்கே ஓர் உறுதிமொழி போதும். அம்மாவுக்கு அது போதவில்லை. பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம் தரும் 'செனோமார்', அதாவது மணமாகாதவர் என்னும் சான்றிதழ், இருவருக்கும் வேண்டும் என்று நின்றார். முஸ்லிம்கள் நீங்கலாக மற்றவர்களுக்கு விவாகரத்தே இல்லாத ஒரு நாட்டில் பெண்ணைப் பெற்றவர் அந்தத் தாளைக் கேட்பதில் தவறு காண முடியவில்லை. 'நினோங்', 'நினாங்' என்று நாங்கள் அழைக்கும் திருமணத்துக்குச் சாட்சியாக நிற்கும் ஞானப்பெற்றோராகப் பன்னிரண்டு பேரின் பட்டியலையும் அவர் அனுப்பியிருக்கிறார். பதிவேட்டில் கையொப்பமிடச் சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளை மட்டுமே. அந்த இருவர் யார் என்பதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

விருந்து, ஞாயிறுதோறும் வாகனங்களுக்கு மூடப்படும் சாட்டர் சாலையில், அட்டைகளை விரித்து நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில்தான். நீண்ட ஆயுளுக்காக 'பன்சித்' நூடுல்ஸ் கட்டாயம் இருக்கும். பிறகு 30 நாட்களுக்குள் அட்மிரல்டியில் உள்ள எங்கள் துணைத் தூதரகத்தில் திருமணத்தைத் தெரிவித்தால்தான் ஊர்ப் பதிவேட்டில் உரிய காலத்தில் ஏறும். கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வது கட்டாயமில்லை என்பதால், கடவுச்சீட்டை நான் மாற்றப்போவதில்லை.

ஒன்றுதான் பாக்கி. வீட்டுப் பணியாளர் முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்த விதி. மணமானாலும் அது மாறாது. சட்டப்படி ஓய்வு நாள் தொடர்ச்சியான 24 மணி நேரம் என்றாலும், என் வீட்டில் அது இரவு ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். அந்த ஓர் இரவு மட்டும் வெளியே தங்க முதலாளியம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும். நேற்றிரவு பாத்திரம் துலக்கும்போது கேட்டுவிட நினைத்தேன். குழந்தை அழுததும் அவர் உள்ளே போய்விட்டார்.