வெண்கட்டி மலை

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழு கேட்டபோதே தெரியும், வேப்பமரம், மதிலேறிப் பாய்ந்தது, கிரிக்கெட் மட்ச் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று. போன மலரில் அந்த வேப்பமரம் மட்டும் நாலு கட்டுரையில் நின்றது. அதனால் நான் ஒரு மலையைப் பற்றி எழுதப் போகிறேன். சங்கத்தில் அரைவாசிப் பேர் அதில் ஏறி மூச்சு வாங்கியவர்கள்தான். ஆனால் அந்த மலையை நான் முதலில் பார்த்தது எங்கள் வகுப்பறையில் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இங்கிலாந்தில், சரே மாவட்டத்தில், டோர்க்கிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது பொக்ஸ் ஹில். உயரம் 224 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்று மனனம் செய்து வளர்ந்த எங்களுக்கு இது மலையே அல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் உயரத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசக்கூடாது. எங்களிடம் இருந்த ஒரே மலை கீரிமலை. அதில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை, கேணிக்குள் இறங்கத்தான் படி உண்டு.

1994 கோடையில்தான் சங்கத்தின் முதல் சுற்றுலா. செயலாளர் அனுப்பிய அழைப்பிதழில் 'பெட்டி மலைக்குச் சுற்றுலா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தனித்தமிழ் ஆர்வம் மெத்திப்போன காலம். பொக்ஸ் என்பது அங்கே பெட்டி அல்ல, ஒரு மரத்தின் பெயர். சின்ன இலையும் எப்போதும் பச்சையுமாக இருக்கிற குறுமரம். வெயில் பட்டால் பூனை மூத்திரம் மாதிரி ஒரு வாடை வரும். சிலருக்கு அது பிடிக்குமாம், எனக்குப் பிடிக்காது. அந்த மரம் இங்கிலாந்தில் காடாகத் தானே வளரும் இடங்கள் மிகக் குறைவு, அதில் பெரியது இந்த மலைச் சரிவு. வைரம் பாய்ந்த கருங்காலி மாதிரி அதன் கட்டையும் தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். பழைய நாளில் புத்தகப் படங்களுக்கு அச்சுக்கட்டை செதுக்கியது இந்த மரத்தில்தான். இதையெல்லாம் செயலாளருக்குச் சொன்னேன். "அடுத்த முறை திருத்துவம்" என்றார். இன்றுவரை அழைப்பிதழில் பெட்டி மலைதான்.

வாடகைக்குப் பிடித்த பஸ் எங்களை மலையுச்சியில் இறக்குவதாக ஏற்பாடு. மலைமேல் ஏறும் வீதி கொண்டை ஊசி வளைவாக வளைந்து வளைந்து போகும், பெயரே ஸிக்ஸாக் வீதி. சாரதி முதல் வளைவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஏறமாட்டேன் என்றுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஏ24 வீதியோரத் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டு, பின்னேரம் ஐந்து மணிக்கு அதே இடம் என்று சொல்லிப் போய்விட்டார். ஐம்பது பேர், பதினைந்து குழந்தைகள், இரண்டு ஆள் தூக்குகிற புரியாணிச் சட்டி ஒன்று. மலை மோல் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றைக் கடக்க வரிசையாகப் பதினேழு கற்கள்.

கொஞ்சம் தள்ளி நடைபாலம் ஒன்று இருப்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"உந்தக் கல்லிலயோ போறது?" என்று ஒரு அக்கா சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கற்கள் நல்ல அகலம்தான், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு எட்டு வைக்க வேண்டும், நடுவில் தண்ணீர் வேகமாக ஓடும். கடைசியில் எங்கள் விளையாட்டுப் பொறுப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கல்லுக்கு ஒரு ஆள். பதினேழு பேர் பதினேழு கல்லில் நின்றார்கள். புரியாணிச் சட்டி கையிலிருந்து கைக்கு மாறி ஆற்றைக் கடந்தது. அடுத்து சம்பல் ரின், தேத்தண்ணீர்ப் பிளாஸ்க்குகள், பாய்கள், ஒரு கைக்குழந்தை. எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு பதினோராவது கல்லில் நின்ற எங்கள் தலைவர் திரும்பினார், சறுக்கினார், இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அவர் கையிலிருந்த பருத்தித்துறை வடைப் பை மட்டும் ஆற்றோடு போயிற்று. தட்டை வடைகள் பையை விட்டு வெளியே வந்து ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போவதைக் கரையில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவருடைய நாயும் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கற்களுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை வந்தால் கடக்கக்கூடாது என்று பழைய கற்களை அழித்துவிட்டார்கள். போர் முடிந்ததும், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சூட்டர் ஈட் தன் செலவில் புதுக்கற்கள் போட்டுக் கொடுத்தார். அவர் அந்தப் பக்கத்து ஆள். 1946இல் பிரதமர் அட்லி வந்து திறந்துவைத்தார். இலங்கைக்குச் சுதந்திரம் கொடுத்ததும் இதே அட்லியின் அரசுதான். அட்லி திறந்த வழியில் நடந்து நாங்கள் விழுந்தது இது முதல் தடவை அல்ல என்று எங்கள் தலைவர் காற்சட்டையைப் பிழிந்தபடி சொன்னார்.

ஆற்றைக் கடந்தால் படிகள். இருநூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். ஏறும்போது இரண்டு பக்கமும் பொக்ஸ் மரமும் யூ மரமும் இருட்டாக அடைத்து நிற்கும். யூ மரத்தின் கீழ் புல்லும் முளைக்காது. வேர்கள் வெள்ளை மண்ணைப் பிடித்தபடி வெளியே தெரியும். 1987 ஒக்டோபர்ப் புயலில் இந்த மலையில் ஏராளமான மரங்கள் விழுந்தன. அந்த இரவு நான் லண்டன் ரூட்டிங்கில் ஒரு வாடகை அறையில் ஓட்டுக் கூரை ஆடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஏழு வருடம் கழித்தும் சரிவில் வேரோடு சாய்ந்த மரங்கள் அப்படியே கிடந்தன.

படியில் ஓரிடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். கைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. எடுத்துப் பார்த்தேன். பாரமில்லை. விரலில் மாவாக ஒட்டியது. பக்கத்தில் கிடந்த கரிய கல்லில் கீறினேன், கோடு விழுந்தது. வெண்கட்டி! கரும்பலகையில் எழுதக் கடையில் பெட்டியில் வருகிற வெண்கட்டி இப்போது பெரும்பாலும் ஜிப்சம் என்கிறார்கள். இது அசல். மலை முழுக்க அதுதான். 8, 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலாக இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் அடியில் படிந்து படிந்து பாறையானது. நான் கீறிப் பார்த்த அந்தக் கரிய கல்லும் இதற்குள்ளிருந்து வருகிற தீக்கல்தான்.

மேலே போனதும் சாலமன்ஸ் மேடை. லியோபோல்ட் சாலமன்ஸ் என்பவர் 1914இல் இந்த மலைநிலத்தை வாங்கி நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அவர் நினைவாகக் கட்டிய அரைவட்டக் கல்மேடை அது. அதில் நின்றால் நிலம் சட்டென்று காலடியில் அறுந்து விழும். கீழே புரொக்கம் கிராமத்துப் பச்சைத் திடல், வேலி வேலியாக வயல்கள், வளைந்து போகும் மோல் ஆறு, வலதுகைப் பக்கம் டோர்க்கிங். இன்னும் தள்ளி கட்விக் விமான நிலையத்தில் விமானங்கள் எறும்பு மாதிரி இறங்கும். மற்றவர்கள் பாய் விரிக்க இடம் தேடிப் போனார்கள். நான் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன், ஏனென்றால் எனக்கு அது தெரிந்த படம்.

எங்கள் புவியியல் சேரை எழுபதுகளில் படித்த எவரும் மறக்கமாட்டார்கள். வெள்ளை நாஷனல் சட்டை, இடது கையில் குடை, மழை வந்தாலும் விரிக்காத குடை. அவர் படித்தது ஆங்கில காலத்தில். அப்போது இலங்கைப் பிள்ளைகளும் இங்கிலாந்தின் ஆறும் மலையும்தான் படிக்க வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் அது கிடையாது. ஆனாலும் அரித்தல், படிதல் பாடம் வந்தால் அவருக்குக் கை தானாக இங்கிலாந்துக்குப் போய்விடும். கரும்பலகையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வில் வரைவார். "இது வெண்கட்டிப் பாறை. கீழிருந்து தள்ளின தள்ளில இப்படி மேல எழும்பினது" என்பார். பிறகு பெருவிரலால் வில்லின் உச்சியை அழிப்பார். அழிப்பான் எடுக்கமாட்டார், பெருவிரல்தான். நடுப்பகுதி போய் இரண்டு முனையும் மிஞ்சும். "வடக்கில மிஞ்சினது வடக்கு டவுன்ஸ். தெற்கில மிஞ்சினது தெற்கு டவுன்ஸ். நடுவில மழை கரைச்சுக்கொண்டு போன பள்ளம், வீல்ட்." டவுன்ஸ் என்றால் பள்ளம்தானே சேர் என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மேடு என்றுதான் அர்த்தம் என்று சொல்லி, கேட்டதற்காக அவனுக்கு ஒரு வெண்கட்டித் துண்டும் கொடுத்தார், எறிந்துதான்.

சேர் ஒருநாளும் இலங்கையை விட்டு வெளியே போனதில்லை.

நான் அன்று நின்றது அந்த வில்லின் வடக்கு முனையில். எனக்கு முன்னால் கிடந்தது அவருடைய பெருவிரல் அழித்த இடம். தெற்கு முனை சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில், வானம் வெளித்தால் நீலக் கோடு மாதிரித் தெரியும் என்று மேடையில் நின்ற ஒருவர் சொன்னார். அன்று பனிப்புகார் மூடியிருந்தது. நடுவில் லீத் ஹில் என்ற மலை மட்டும் இருட்டாக நின்றது.

அப்புறம் எத்தனையோ தடவை போய்விட்டோம். பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் ஒரு கல்லறை. லபெலியர் என்ற ஓய்வுபெற்ற படை அதிகாரியை 1800இல் அந்த மலையில் தலைகீழாகப் புதைத்திருக்கிறார்கள், அவருடைய விருப்பப்படி. உலகமே தலைகீழாகத்தான் கிடக்கிறது, ஒருநாள் அது புரளும்போது தான் ஒருவனாவது நேராக நிற்கலாம் என்பது அவருடைய கணக்காம். சங்கப் பொதுக்கூட்டம் முடிந்த கிழமைகளில் போனால் அந்தக் கல்லின் முன் எங்கள் ஆட்கள் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பார்கள்.

2012 ஒலிம்பிக் சைக்கிளோட்டம் ஸிக்ஸாக் வீதியால்தான் போனது. ஆண்கள் மலையை ஒன்பது முறை சுற்றினார்கள். நான் ஓட்டம் போகிற வழியில், கிங்ஸ்டனில், இரண்டு மணித்தியாலம் காத்து நின்று அரை நிமிடம் பார்த்தேன். அதற்குமேல் அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

மாடுகளைச் சொல்ல வேண்டும். கறுத்த உடம்பு, இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு வெள்ளைப் பட்டி. கலவே இனம். என் மனைவி அவற்றை 'வேட்டி கட்டின மாடு' என்பாள். பாலுக்காக அல்ல, புல்லை மேய்ந்து கட்டையாக வைத்திருக்கத்தான் மலையில் விட்டிருக்கிறார்கள். மேயாவிட்டால் சில வருடத்தில் சரிவு முழுக்கப் பற்றையாகிவிடும், வெயில் நிலத்தில் படாது, நீல வண்ணத்துப்பூச்சிகள் போய்விடும். அடோனிஸ் நீலம் என்று ஒன்று, ஆண்பூச்சிதான் நீலம், மயிற்கழுத்தில் பார்ப்போமே அந்த மாதிரிப் பளபளப்பு. அதன் புழு தின்பது ஒரேயொரு செடியைத்தான், அந்தச் செடி வளர்வது கட்டைப்புல் உள்ள வெண்கட்டி நிலத்தில். புழுவுக்கு எறும்புகள் காவல். இப்படி மாட்டிலிருந்து எறும்பு வரைக்கும் ஒரு குடும்பம் அங்கே நடக்கிறது.

அந்த ஆறும் சாதாரண ஆறல்ல. மோல் என்பது மண்ணைத் துளைத்து வாழும் ஒரு சிறு பிராணியின் பெயர். ஆற்றுக்குப் பெயர் அதனால் வந்ததோ என்னவோ, பொருத்தம்தான். டோர்க்கிங்குக்கும் லெதர்ஹெட்டுக்கும் இடையில் வெண்கட்டி நிலத்தில் துவாரங்கள் உண்டு. வரட்சி கடுமையான கோடையில் தண்ணீர் அவற்றுக்குள் இறங்கிப் படுகை வெளித்துவிடும், கீழே போய்த் திரும்ப வரும். எங்கள் ஊர்ச் சுண்ணக்கல் இதைவிட வயதில் மிக இளையது, ஆனால் குணம் ஒன்றுதான். மழைத் தண்ணீரைக் குடித்து உள்ளே வைத்திருந்து கீரிமலையில் கடலோரமாக விடுகிறதே.

அந்த முதல் பயணத்தை முழுவதும் எழுதி, ஒரு படமும் வைத்து சேருக்கு அனுப்பினேன். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போவதும் வருவதும் தெரியும்தானே. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது, கொப்பித்தாளில், நுணுக்கி எழுதிய எழுத்து. சுகம் விசாரித்து இரண்டு வரி. அதற்குக் கீழே:

"லீத் ஹில் வெண்கட்டி என்று எழுதியிருக்கிறாய். பிழை. அது பச்சை மணற்கல். அதனால்தான் அரிபடாமல் நிற்கிறது. உயரம் 294 மீற்றர், மேலே கோபுரம் இருக்கும், பார்த்தாயா? தெற்கு டவுன்ஸ் தெரிந்ததா என்று எழுதவில்லை."

1995 செப்டம்பரில் நல்ல வெளிப்பு. தெற்கே நீலமாக ஒரு கோடு, இடையில் லீத் ஹில், கோபுரமும் தெரிந்தது. அன்றிரவே எழுதினேன். அடுத்த மாதம் யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. கடிதம் அவர் கைக்குப் போனதா என்று தெரியாது, பதில் வரவில்லை.

இப்போதும் மேடைக்கு ஏறியதும் முதலில் தெற்கைத்தான் பார்ப்பேன். போன வருடம் தெரியவில்லை, மழை இருட்டு. இந்த வருடச் சுற்றுலா செப்டம்பர் முதல் ஞாயிறு. ஆற்றில் தண்ணீர் கூடினால் கற்கள் மூழ்கிவிடும், நடைபாலத்தால் வாருங்கள். வடையை யாராவது பையை நல்லாகக் கட்டிக்கொண்டு வரவும்.