31ஆம் டிவிஷன் போன வழி: அட்டை மலையும் அரிசிக் கணக்கும்

ஜப்பானிய ராணுவத்தின் 31ஆம் டிவிஷன் 1944-இல் பர்மாவின் சிண்ட்வின் (Chindwin) ஆற்றைக் கடந்து, பிரிட்டிஷார் வசம் இருந்த நாகா மலை ஊரான கோஹிமா வரை போன வழியை ஒரு பிளைவுட் பலகையில், மலைகளோடு செய்துகொண்டிருக்கிறேன். மலை வேலை முடிந்துவிட்டது. நூல் கட்டுவது பாதியில் நிற்கிறது.

அமெரிக்க ராணுவம் அச்சிட்ட பழைய 1:2,50,000 வரைபடத் தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை வைத்து 500 அடிக்கு ஓர் அடுக்கு என்று 2 மி.மீ. அட்டையை வெட்டி ஃபெவிகாலில் ஒட்டினேன். கணக்குப்படி ஓர் அடுக்கு 0.6 மி.மீ.தான் வர வேண்டும். ஆக, என் மலைகள் மூன்று மடங்குக்கு மேல் உயரம். தெரிந்தேதான் செய்தேன், சரியான அளவில் செய்தால் நாகா மலை விரலால் தடவினால்தான் தெரியும். சிண்ட்வின் கரையில் உள்ள ஹோமாலினிலிருந்து கோஹிமா நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர், பலகையில் அரை மீட்டருக்கும் குறைவு. ஆனால் பள்ளத்தாக்குகள் எல்லாம் வடக்கு தெற்காக ஓட, இவர்கள் மேற்கே போக வேண்டியிருந்தது. வழியில் வந்த முகடு ஒவ்வொன்றையும் ஏறி இறங்கியாக வேண்டும்.

அடுத்து, படை போன வழியைக் காட்டும் நூல். டிவிஷனில் மூன்று காலாட்படை ரெஜிமென்ட்கள், அதனால் மூன்று நிறம். 1943 மார்ச்சில் பாங்காக்கில் அங்கங்கே இருந்து சேர்த்துக் கட்டிய படை இது. 58ஆம் ரெஜிமென்ட்டும் 138ஆம் ரெஜிமென்ட்டும் சீனப் போர்முனையிலிருந்து வந்தவை. 124ஆம் ரெஜிமென்ட் பசிபிக் தீவான குவாடல்கனாலில் நடந்த சண்டையில் சிதைந்து, மிச்சம் மீதியை வைத்து மறுபடி எழுப்பப்பட்டது. இதற்குச் சிவப்பு கொடுத்தேன். காரணம் ஒன்றுமில்லை, அந்த நூல்கண்டுதான் பெரிது.

பலகையின் ஓரத்தில் ஒரு நாள்காட்டிப் பட்டை ஒட்டியிருக்கிறேன். இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். ஆற்றைக் கடந்தது மார்ச் 15. ஆளுக்குச் சுமார் மூன்று வார உணவு. நடமாடும் இறைச்சியாக மாடுகளையும் ஓட்டிப் போனார்கள். அவற்றில் பல ஆற்றிலும் மலைச்சரிவிலும் போயின. பட்டையில் மூன்று வாரத்துக்கு மஞ்சள் அடித்துப் பார்த்தால், அது ஏப்ரல் தொடக்கத்தில் தீர்கிறது. கோஹிமா முற்றுகை தொடங்கியது ஏப்ரல் 4. அதாவது சண்டை ஆரம்பிக்கும்போதே மூட்டை காலி!

இதனால்தான், கோஹிமாவில் ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்காக நடந்த, எல்லோரும் பேசும் சண்டையைவிட, வழியில் சாங்ஷாக் என்ற ஊரில் நடந்த சண்டை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 58ஆம் ரெஜிமென்ட்டோடு போன ஜப்பானிய ஜெனரல் மியாசாகி, பக்கத்து 15ஆம் டிவிஷனின் எல்லைக்குள் இருந்த அந்த ஊரில் பிரிட்டிஷார் பக்கம் நின்ற 50ஆவது இந்திய பாராசூட் பிரிகேடோடு மோதி மார்ச் 26 வரை நின்றுவிட்டார். ஊர் கைக்கு வந்தது, ஆட்களும் நாட்களும் போயின. ஜப்பானியத் திட்ட வரைபடமும் பிரிட்டிஷார் கையில் சிக்கியது. வடக்கே ஜெஸ்ஸாமியிலும் கராசோமிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அஸ்ஸாம் ரெஜிமென்ட் இன்னும் சில நாளை விழுங்கியது. பட்டையில் இந்த இடங்களுக்கு ஊசி குத்தும்போது மஞ்சள் கண்ணெதிரே குறைகிறது.

இந்த டிவிஷனுக்கு மேலிருந்த 15ஆம் ராணுவத்தின் தளபதி முதாகுச்சி, கோஹிமாவைத் தாண்டி திமாப்பூருக்கே ஓடச் சொன்னார். அவருடைய மேலதிகாரி கவாபே தடுத்துவிட்டார். ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திமாப்பூர் மேலும் 74 கிலோமீட்டர். அங்கே ரயிலும் பிரம்மாண்டமான கிடங்குகளும் இருந்தன. போய்ச் சேர்ந்திருந்தால் சாப்பாட்டுக் கவலை தீர்ந்திருக்கும். ஆனால் கோஹிமாவை அடுத்த ஜோட்சோமாவில் பீரங்கிகளோடு நின்ற 161ஆவது இந்திய பிரிகேடை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு எப்படிப் போவது? பலகையில் அந்தச் சாலையைப் பார்த்த பிறகு எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மே 31-இல் டிவிஷன் தளபதி சாட்டோ, உத்தரவை மீறிப் படையைத் திருப்பினார். உணவும் குண்டும் அனுப்பாத மேலிடத்தோடு அதற்குமுன் தந்தியில் சண்டை போட்டிருந்தார். ராணுவ நீதிமன்றத்தில் நின்று முதாகுச்சியை அம்பலப்படுத்த நினைத்தவரை, மனநிலை சரியில்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள்.

இனிக் கட்ட வேண்டியது பின்வாங்கிய நூல். மியாசாகி சிறிய பின்காவல் படையோடு இம்பால் சாலையை மறித்துக்கொண்டே பின்வாங்கியதை ஜூன் 22 வரை, 109ஆம் மைல்கல் வரை ஊசிகளால் காட்டப்போகிறேன். அன்றுதான் பிரிட்டிஷாருக்குச் சாலை திறந்தது. அப்புறம் கோஹிமா முகட்டுக்குத் தனிப் பலகை. இந்த அளவில் டென்னிஸ் கோர்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். 1:2,000-இல் செய்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், முகடும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். அந்த முகட்டில் உள்ள ஜெயில் ஹில் குன்றுக்கு அட்டை வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.