உட்ரெக்ட்டில் சைக்கிள், காட்பாடியில் கௌரவம்

வேலூர்ப் பக்கம் நாலு காசு சம்பாதிக்க ஆரம்பித்தவன் முதலில் விடுவது சைக்கிளைத்தான். அப்பா டிவிஎஸ் 50 வாங்கிய அன்றே, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு, பழைய சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார். எனக்குப் பிளஸ் ஒன்னில் கிடைத்த விலையில்லா சைக்கிளும் அதே இடத்துக்குத்தான் போனது. அப்படி வளர்ந்தவன் வேலைக்காக நெதர்லாந்தில் உட்ரெக்ட்டுக்கு வந்தால், என் மேனேஜருக்கே மேனேஜர், செயின் கறகறவென்று கத்தும் துருப்பிடித்த சைக்கிளில் வந்து இறங்குகிறார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே ஆட்களைவிட சைக்கிள்தான் அதிகம். உட்ரெக்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூன்று தளத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் உண்டு. 2019-இல் முழுதாகத் திறந்தார்கள். உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம், முதல் 24 மணி நேரம் காசு இல்லை.

எனக்குப் பழகாதது கால்தான். நம்மூரில் இறக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றிக்கொண்டு, டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்டபடியே போவோமே, அது இங்கே நடக்காது. சாதாரண டச்சு சைக்கிளில் பெரும்பாலும் பின்னால் மிதித்தால் அதுதான் பிரேக். சிக்னலில் நின்றபிறகு பெடலை வசதியான உயரத்துக்குப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளவும் முடியாது, அதனால் நிற்கும்போதே எந்தக் கால் மேலே இருக்கவேண்டும் என்று யோசித்து நிற்க வேண்டும். மேடு கிடையாது, சரி, ஆனால் எதிர்காற்று இருக்கிறதே, வள்ளிமலைப் படியேறுவதே தேவலை என்று சில நாள் தோன்றும்.

இதெல்லாம் இவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று நம்மாட்கள் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. 1950, 60-களில் இவர்களும் காருக்குத்தான் ஊரைத் திறந்துவிட்டார்கள். 1971-இல் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள், 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடவே கூடாது என்று ஆனது. சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் பெருக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

போன கோடையில் ஊருக்கு வந்தபோது காட்பாடியிலிருந்து வேலூர்க் கோட்டை வரை சைக்கிளில் போய்ப் பார்த்தேன். தூரம் நான் ஆபீஸ் போகிற அளவுதான், வழியும் சமதளம்தான். வெயில் காரணம் என்பார்கள், அது பகல் பதினோரு மணிக்கு. காலை ஆறரைக்குப் பாலாற்றுப் பாலத்தில் வெயில் இல்லை, முதுகுக்குப் பின்னால் டவுன் பஸ் ஹார்ன்தான் இருந்தது. ஒதுங்க ஒரு முழ இடம் கிடையாது, ஓரமெல்லாம் மணல், முன் சக்கரம் அதில் இழுக்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோட்டை அகழி ஓரம் மட்டும் நிம்மதியாக ஒரு சுற்று வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் பெரியப்பா திண்ணையில். "இன்னாடா, ஃபாரின் போயும் சைக்கிள்தானா? நாலு பேர் பாத்தா இன்னா நெனப்பாங்க?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாலத்தில் சைக்கிளுக்கு இடமே விடாமல் பாதை போட்டவர்களும் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

நெதர்லாந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பழைய சைக்கிளையே வாங்குங்கள், புதிது நிற்காது, திருடிவிடுவார்கள். தெருவில் யாராவது அடிமாட்டு விலைக்கு நீட்டினால் அது திருட்டு வண்டி, தொடாதீர்கள். பூட்டு இரண்டு வேண்டும், சங்கிலிப் பூட்டைக் கம்பியோடு சேர்த்துப் போடுங்கள். ராத்திரி விளக்கில்லாமல் போனாலோ, செல்போனைக் கையில் பிடித்து ஓட்டினாலோ அபராதம்.

பஞ்சர் ஆனால் கடைக்குப் போகவேண்டாம், கேட்கிற கூலிக்கு நம்மூரில் ஒரு டயரே வாங்கிவிடலாம். பின் சக்கரத்தில் கியர், பிரேக், செயின் மூடி எல்லாம் இருப்பதால் கழற்றுவது பெரிய பாடு. கழற்றாமலே டியூபை ஒரு பக்கமாக உருவி, காற்றடித்து, தண்ணீர் பேசினில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் காய்ந்தபிறகு ஒட்டுங்கள். விருதம்பட்டு பஞ்சர் கடையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.