மூன்று சொல்லில் ஜான் லம்பர்ட்

சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் மொழிபெயர்ப்பாளருக்கு வாழ்க்கைக் குறிப்புகள் நல்ல வரும்படி. பிறப்பு, திருமணம், பதவி, இறப்பு. பத்து குறிப்புகள் முடித்துவிட்டால் அப்புறம் கை தானாக ஓடும். ஒரு கலைக்களஞ்சிய வேலைக்காக இப்படி நிறையப் பேரைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். என்னை மூன்று நாள் உட்காரவைத்தவர் ஒருவர்தான். எக்செல் ஷீட்டில் அவருக்கு ஒதுக்கிய வரி இது: ஜான் லம்பர்ட், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் படைவீரர், நிலவுடைமையாளர், அரசியல்வாதி.

அந்த நடுச்சொல் முதலில் ‘பண்ணையார்’ என்றுதான் இருந்தது. தொகுப்பாசிரியர் மேடம் போன் செய்தார். “பண்ணையார்னா தஞ்சாவூர்ல திண்ணையில உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி தெரியுதே தம்பி.” ஜமீன்தார் என்று போட்டால் வெள்ளைக்காரனுக்குக் கிஸ்தி கட்டுகிற வெள்ளைக்காரர் ஆகிவிடுவார். கடைசியில் யாரும் வாயால் பேசாத ‘நிலவுடைமையாளர்’ ஜெயித்தது.

‘படைவீரர்’ என்ற சொல்லும் உறுத்தியது. யார்க்‌ஷயரின் கால்ட்டன் கிராமத்தில் 1619-இல் பிறந்த லம்பர்ட், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் சேர்ந்து முப்பது வயதுக்குள் தளபதியானவர். 1651-இல் ஸ்காட்லாந்தில் இன்வர்கீத்திங் சண்டையை வென்று, நாடாளுமன்றப் படைத் தலைவர் குரோம்வெல்லின் படைக்கு வடக்கே வழி திறந்துவிட்டார். ஆனால் அவர் உயிரைக் காப்பாற்றியது ஒரு வெளியூர் டியூட்டி என்று எனக்குத் தோன்றுகிறது. 1649 ஜனவரியில் லண்டனில் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்ட ஆணை எழுதியபோது, இவர் வடக்கே பான்டிஃபிராக்ட் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் இவர் கையெழுத்து இல்லை. பதினொரு வருடம் கழித்து மன்னராட்சி திரும்பியதும், கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள்.

‘அரசியல்வாதி’ என்பதற்குள் இருந்ததுதான் பெரிய வேலை. 1653-இல் இங்கிலாந்துக்கு முதன்முதலாக எழுத்தில் ஓர் அரசமைப்பு வந்தது. அதை வரைந்ததில் முக்கியக் கை லம்பர்ட்டுடையது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 400, ஸ்காட்லாந்துக்கு 30, அயர்லாந்துக்கு 30 என்று 460 உறுப்பினர்கள். 200 பவுண்டு சொத்து இருந்தால் வாக்கு. குரோம்வெல்லைக் காவலர் பிரபு, அதாவது மன்னர் இல்லாத நாட்டுக்குத் தலைவர் (லார்ட் புரொடெக்டர்) ஆக்கியது அந்த ஆவணம்தான். (இந்தப் பட்டத்துக்கு நான் யோசித்த ஆறு தமிழாக்கங்களும் வாட்ச்மேன் வேலை மாதிரியே ஒலித்தன. ஏழாவதும் அப்படித்தான், தெரியும்.)

நாலு வருடத்தில் அதே குரோம்வெல்லுக்கு முடிசூட்டலாம் என்று பேச்சு வந்தது. லம்பர்ட் எதிர்த்தார். முடியை குரோம்வெல் வேண்டாமென்று சொல்லிவிட்டாலும், புது ஏற்பாட்டுக்கு எல்லோரும் உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றானது. இவர் எடுக்கவில்லை. பதவிகள் எல்லாம் போயின. ஆண்டுக்கு 2,000 பவுண்டு ஓய்வூதியம் கிடைத்தது. நானும் ஒருமுறை வேலையிலிருந்து அனுப்பப்பட்டவன். பென்ஷன் எல்லாம் இல்லை, கழுத்திலிருந்த ஐடி கார்டை வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளித்துத் தயாராகி, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. லம்பர்ட்டுக்குப் போக இடம் இருந்தது. 1652-இல் அவர் வாங்கிய விம்பிள்டன் மாளிகை, ஒரு காலத்தில் சார்லஸின் ராணிக்குச் சொந்தமானது. அங்கே போய் டூலிப் வளர்த்தார், பூக்களை ஓவியமாகத் தீட்டினார். அரச கட்சிக்காரர்கள் பிறகு போட்ட கேலிச் சீட்டுக்கட்டு ஒன்றில், கையில் டூலிப்போடு நிற்கிற ‘தங்க டூலிப் வீரர்’ இவர்தான்.

குரோம்வெல் இறந்தபின் லம்பர்ட் மறுபடி படைக்குத் திரும்பினார். 1659 கடைசியில் தனக்கு எதிராகத் திரும்பிய மாங்க் என்ற தளபதியைத் தடுக்க வடக்கே போனார். சம்பளம் வராத சிப்பாய்கள் வழியிலேயே கலைந்துபோனார்கள். இவரை லண்டன் டவரில் அடைத்தார்கள். அடுத்து நடந்ததை அன்றைய நாட்குறிப்பு ஒன்று எழுதிவைத்திருக்கிறது. கலைக்களஞ்சியக் குறிப்பில் இதற்கு ஒரு வரிதான் இடம், எனக்கோ அரை நாள் போய்விட்டது. 1660 ஏப்ரலில் ஓர் இரவு, சன்னலில் கட்டிய கயிற்றில், கை எரியாமல் இருக்க இரு கையிலும் கைக்குட்டை பிடித்துக்கொண்டு இறங்குகிறார். கீழே ஆறு பேர் படகோடு நிற்கிறார்கள். மேலே, படுக்கை தட்டிப்போடும் ஜோன் என்ற பெண் அவருடைய இரவுக் குல்லாயை மாட்டிக்கொண்டு திரைக்குள் படுத்திருக்கிறாள். கதவைப் பூட்ட வந்த காவலர், “இரவு வணக்கம், பிரபுவே” என்கிறார். உள்ளிருந்து ஒரு குரல் பதில் சொல்கிறது. விடிந்ததும்தான், “ஜோன், நீ எங்கே இங்கே?” ஜோனுக்கு அப்புறம் என்ன ஆனது என்று நானும் தேடினேன்.

இரண்டு வாரத்துக்குள் டேவென்ட்ரி அருகே லம்பர்ட் பிடிபட்டார். 1662-இல் விசாரணை நடந்தது. கூடவே விசாரிக்கப்பட்ட, நாடாளுமன்றத் தரப்பு அரசியல்வாதி ஹென்றி வேனின் தலை போனது. பணிந்து பேசிய இவருக்கு ஆயுள் சிறை. முதலில் கர்ன்ஸி தீவு, அப்புறம் பிளிமத் அருகே டிரேக் தீவு. அடைபட்ட காலம் இருபது வருடத்துக்கும் மேல்.

அங்கேதான் நானும் மாட்டினேன். இறந்த ஆண்டை ஓர் இடத்தில் 1683 என்றும் இன்னோர் இடத்தில் 1684 என்றும் எழுதியிருந்தேன். ஷீட் சிவப்பாகத் திரும்பி வந்தது. என் கவனக்குறைவுதான். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். அவர் கண்மூடிய அந்தக் குளிர்காலம் பழைய கணக்கில் 1683, நம் கணக்கில் 1684. மேடத்திடம் இதைச் சொல்லிவிட்டு, அந்தச் சாக்கில் இன்னொன்றும் கேட்டேன்: முதல் வரியில் ‘தோட்டக்காரர்’ என்று நாலாவதாக ஒரு சொல் சேர்க்கலாமா?

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கமுடியாது என்றார். சிறையிலும் அவர் பூக்களை வளர்த்தார், தீட்டினார் என்பது மூலத்தின் கடைசிப் பத்தியில் இருக்கிறதே என்றேன். சரி, அந்த வாக்கியத்தை வெட்டாமல் விடுகிறேன் என்று பதில் போட்டார். கீழே இன்னொரு வரி: “டூலிப்பா, துலிப்பா? மூணு இடத்துல மூணு மாதிரி இருக்கு. பாருங்க.”