தெளிவதற்கு நான்கு நாள்

2024 ஜூன் 4, செவ்வாய்

விலகல் கடிதத்தைக் காலை 10.15 மணிக்கு அனுப்பிவிட்டேன். வாக்கு எண்ணிக்கை நாளாகையால் கொள்முதல் பிரிவில் ஒருவரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் போவதைவிட எந்தத் தொகுதியில் எத்தனையாவது சுற்று என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது; எனக்கும் அது வசதியாகவே இருந்தது. 90 நாள் அறிவிப்புக் காலம். செப்டம்பர் 2 கடைசி நாள்.

ஜூன் 5, புதன்

இரவு மறுபடியும் அந்தத் தலைக்கவசம்.

ஜூன் 19, புதன்

என் கணவர் மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் என் பணிக்கொடையைக் கணக்கிட்டார். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 2003 ஜனவரியில் சேர்ந்தேன். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்பதால் 22 ஆண்டு. தொகை குறைவில்லை. தொடங்கப்போகும் செக்கெண்ணெய்த் தொழிலுக்கான கொட்டகை, செக்கு, மோட்டார், முதல் ஆறு மாதச் சரக்கு எல்லாம் அதற்குள் அடங்கும் என்றார். வருங்கால வைப்பு நிதியைத் தொடக் கூடாது என்றும் சொன்னார், நான் கேட்காமலேயே.

என் கவலை அந்தத் தாளில் இல்லை. அம்மாவின் மருத்துவக் காப்பீடு என் வேலையோடு சேர்ந்தது. செப்டம்பர் 2 முடிந்தால் அதுவும் முடிகிறது. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். புதிதாக ஒரு காப்பீடு எடுத்தால் இருக்கிற நோய்களுக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிக் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ள வழியிருக்கிறது, ஆனால் விலகுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று மனிதவளப் பிரிவுப் பெண் தாழ்ந்த குரலில், ஏதோ ரகசியம் போலச் சொன்னாள். அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பிரீமியத் தொகையை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

திண்டிவனம் போய் வந்தேன். மண்டிக்காரர் 80 கிலோ மூட்டை ஒன்றைக் குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் விழுந்த நிலக்கடலைப் பருப்பை என்னிடம் நீட்டினார். ஒன்றைக் கடித்தேன், நன்றாக இருந்தது. இரண்டாவதைக் கடித்தேன், கசந்தது. ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த பருப்பு. ஒரு கைப்பிடி கலந்தாலும் ஓர் ஈடு, அதாவது செக்கில் ஒருமுறை ஆட்டும் அளவு, முழுவதும் போய்விடும், பூஞ்சணத்தின் நஞ்சு வேறு. மூட்டையை மாற்றச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் மாற்றினார், பிறகு கடன் கிடையாது, ரொக்கம்தான் என்றார். உருக்குத் தகடு விற்றவர்களிடம் 60 நாள் கடன் கேட்டு வாங்கிய வாய் இது. ஒன்றும் பேசாமல் தலையசைத்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஆவணி வரை ஆணி அடிக்கவும் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். செக்கின் வாகை மர உரல் ஊரப்பாக்கம் கொட்டகையில் சாக்குப் போர்வையோடு நிற்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

உணவுப் பாதுகாப்புப் பதிவு வந்துவிட்டது: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்பதால் உரிமம் தேவையில்லை, பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண்ணை மனப்பாடம் செய்துவிட்டேன், என் பணியாளர் எண்ணை இன்னும் மறக்காதபோதே. உத்யம் என்ற சிறுதொழில் பதிவையும் முடித்தேன், அதற்குக் கட்டணமே இல்லை. திரையில் என் பெயருக்குக் கீழே 'குறு நிறுவனம்' என்று வந்ததும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் எனக்குப் பாடம். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வீதத்தின் மூன்று மடங்குக் கூட்டுவட்டி. கொள்முதல் பிரிவில் எங்களிடம் அந்த வட்டியைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது அவர்களுக்குத் தெரியும், அது அவர்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். நாளைக் கணக்கிடுவதிலும் எங்கள் வழி வேறு: சரக்கு வாசலில் இறங்கிய நாளிலிருந்து அல்ல, ஏற்றுக்கொண்டதாக நாங்கள் பதிவிட்ட நாளிலிருந்து. பதிவைத் தாமதிக்க ஆய்வு அறிக்கை, அளவுகோல் சான்று என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருந்தது. அந்த வழக்கத்தை நான் தொடங்கவில்லை, நன்றாகப் பழகிக்கொண்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைத்தேன். கேக் வெட்டினார்கள். வெளியே வரும்போது வரவேற்பறையின் அந்த நாற்காலியைப் பார்க்காமல் நடந்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

5.20க்கு விழித்துவிட்டேன். கம்பெனிப் பேருந்து தெருமுனையில் நின்று போன ஓசை கேட்டது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. முதல் ஈடு: 15 கிலோ எள், ஒன்றரைக் கிலோ கருப்பட்டி. அரைமணி நேரம் எதுவும் நடக்கவில்லை, எள் உலர்ந்த மாவாக உரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. செக்காட்டும் பெரியவர் கையால் தண்ணீர் தெளித்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். "பொறும்மா, சத்தம் மாறட்டும்" என்றார். உலக்கையின் கிறீச்சு ஒரு கணத்தில் தடித்தது, அப்போது கருப்பட்டியைப் போட்டார், சக்கை ஓரத்தில் ஒதுங்க, நடுவில் எண்ணெய் பிரிந்து கறுப்பாகப் பளபளத்தது. மகள் படம் எடுத்தாள். எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, வேட்டித்துணியால் வாயைக் கட்டி வெயிலில் வைத்தோம். தெளிவதற்கு நான்கு நாள்.

செப்டம்பர் 9, திங்கள்

தெளியவில்லை. பெரியவர் சிரிக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை முறை துணியை அவிழ்ப்பாய் என்று அம்மா கேட்கிறார்.

செப்டம்பர் 14, சனி

இறக்குமதி வரியை உயர்த்திவிட்டார்கள். கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 5.5 விழுக்காடாக இருந்தது இன்றுமுதல் 27.5. மலிவு எண்ணெய் விலை ஏறினால் நமக்கு நல்லது என்றார் அவர். மதியமே திண்டிவனம் மண்டிக்காரர் அழைத்து, நிலக்கடலைப் பருப்பும் ஏறும், இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 30, திங்கள்

சம்பளக் குறுஞ்செய்தி வரவில்லை. வராது என்று தெரிந்தே மாலை வரை கைப்பேசியை உடன் வைத்திருந்தேன்.

அக்டோபர் 9, புதன்

ஒரு மூட்டைக் கடலைக்கு 32 லிட்டர் வந்தது, லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு. மீதி புண்ணாக்கு, அதற்கு மாடு வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எண்ணெய்க்குத்தான் நான் அலைய வேண்டியிருக்கிறது. தாம்பரத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் 24 பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தமெல்லாம் எதற்கும்மா, வித்ததும் தர்றோம் என்றார் மேலாளர். அவரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். மாதிரிப் பாட்டில் பையை மடியில் வைத்திருந்தேன்.

அம்பத்தூரிலிருந்து வந்தவர் மடியில் தலைக்கவசத்தை வைத்திருந்தார். 2016 நவம்பர், செல்லாத நோட்டு அறிவித்த மறுவாரம். ஆட்களுக்குக் கூலி தர வேண்டும், 70 நாள் நிலுவையில் பாதியையாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தார். நான் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். காலை பத்து மணிமுதல் நான்கு மணிவரை இருந்தார், நான் கண்ணாடி வழியாக மூன்று முறை பார்த்தேன். பணம் அடுத்த மாதம் கொடுத்தோம், முழுவதும். அதற்குப் பிறகு அவர் விலைப்புள்ளி அனுப்பவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்களாம். எங்கள் நான்கு அண்டாக்களும் கொட்டகைக்குள் கலங்கலாகவே இருக்கின்றன. தீபாவளிக்கு 16 நாள்.

அக்டோபர் 17, வியாழன்

பழைய தொலைபேசிப் பட்டியலில் அவர் எண் இருக்கிறது. பேசி என்ன கேட்பது?

அக்டோபர் 24, வியாழன்

தாம்பரம் கடைக்குக் கொடுத்து இன்றோடு 15 நாள். போய்க் கேட்கவில்லை. வெயில் அடித்தது, நான்கு அண்டாக்களையும் வெளியே தூக்கி வைத்தோம்.