பழைய ஆக்டிவாவுக்குப் புது பெல்ட்

வண்டி 2004 மாடல் ஆக்டிவா. 102 சிசி எஞ்சின், தகர பாடி. சேலத்து ரோட்டில் இருபது வருஷம் ஓடிய பிறகும் எஞ்சினில் புகை இல்லை, தட்டல் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக ஆக்சிலேட்டரைத் திருகினால் இரைச்சல் மட்டும் கூடுகிறது, வேகம் கூட மாட்டேன் என்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் மேம்பாலம் ஏறவே முனகல். கிளம்பும்போது ஒரு உதறல் வேறு. பிளக், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது இடது பக்க மூடிக்குள் இருக்கிற டிரைவ் பெல்ட்தான்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட்தான் கியர். எஞ்சின் பக்கம் முன்புல்லி, பின்சக்கரப் பக்கம் பின்புல்லி, இரண்டையும் சுற்றி பெல்ட் ஓடும். முன்புல்லியில் சரிவான இரண்டு தட்டுகள். அதில் ஒன்றின் பின்னால் ஆறு ரோலர்கள். எஞ்சின் வேகம் ஏற ஏற ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி அந்தத் தட்டைத் தள்ளும், இடைவெளி குறையும், பெல்ட் மேலே ஏறும். அதே நேரம் பின்புல்லி ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு விரிந்து பெல்ட்டை உள்ளே இறக்கும். 1958-இல் ஹாலந்தின் டாஃப் கம்பெனி காரிலேயே இந்த ஏற்பாட்டை வைத்தது. அந்தக் கார் முன்னால் போகிற வேகத்தில் ரிவர்ஸிலும் போகுமாம்! நம் ஊரில் கியரில்லா ஸ்கூட்டரைப் பழக்கியது 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா.

இதனால்தான் பெல்ட்டின் வெடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்கிறேன். பார்க்க வேண்டியது அகலம். பெல்ட்டின் பக்கங்கள் தேய்ந்து ஒடுங்கிவிட்டால், தட்டுகள் முழுக்க நெருங்கினாலும் அது உச்சிக்கு ஏறாது. டாப் கியர் விழாத வண்டி போல எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். என் பழைய பெல்ட்டில் பெரிய வெடிப்பு எதுவும் கிடையாது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் புதியதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் ஒல்லி.

கழற்றுவது பெரிய விஷயமில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கிக்கர் மிதியைக் கழற்றி, அப்புறம் மூடியைச் சுற்றி இருக்கும் எட்டாம் நம்பர் போல்ட்கள். எல்லா போல்ட்டும் ஒரே நீளம் இல்லை. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்துக்கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது. உள்ளே கைப்பிடி கைப்பிடியாகக் கருப்புத் தூசு. ஏர் அடித்து ஊதாதீர்கள், கிளட்ச் தூளும் அதில் கலந்திருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு துணியால் துடைப்பதே நல்லது.

சிக்கல் முன்புல்லி நட்டில்தான். திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். வெளித்தட்டின் இறக்கைகளுக்கு நடுவே ஸ்குரூடிரைவரைச் செருகி நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த இறக்கைகள் பெல்ட்டுக்குக் காற்று வீசுவதற்காக இருப்பவை. உடைந்தால் தட்டையே மாற்ற வேண்டும். புல்லியைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர் என்னிடம் இல்லை. தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் இம்பாக்ட் கன் (தட்டித் தட்டி நட்டைத் திருப்பும் கருவி) இரவல் கேட்டேன். கொடுத்துவிட்டுக் கூடவே சொன்னார்: "பெல்ட்டை மட்டும் போட்டுட்டு ரோலரை விட்டா அடுத்த மாசம் மறுபடி இதே வேலைதான் தம்பி."

அவர் சொன்னது சரிதான். ஆறு ரோலர்களில் நான்கு ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. உருள வேண்டியது சறுக்கினால் தட்டு எப்படி ஒரே சீராக நகரும்? ரோலரோடு, ரோலர்களின் பின்னால் இருக்கும் தகட்டின் முனைகளில் மாட்டும் மூன்று சிலைடு பீஸும் சேர்த்து வாங்கினேன். கிளட்ச் மணியை (கிளட்சை மூடியிருக்கும் கிண்ணம்) கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பிடிக்கும் ஷூக்களைப் பார்த்ததில் இன்னும் கனம் இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். கிளட்ச் நடுவில் இருக்கும் பெரிய நட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதற்குக் கீழே அழுந்திய ஸ்பிரிங் இருக்கிறது, அமுக்கிப் பிடிக்கக் கருவி இல்லாமல் கழற்றினால் முகத்தில் வந்து அடிக்கும்.

மாட்டும்போது கவனம் முழுக்க ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பின்புல்லித் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அமுக்கி இறக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று நிற்கும், வெளித்தட்டு பாஸ் குழாயின் (முன்புல்லியின் நடுவே தண்டில் செருகியிருக்கும் குழாய்) முனையில் போய் ஒட்டி உட்காரும். பெல்ட் விறைப்பாக இருந்தால் தட்டுக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி விழும். நட் இறுகிவிட்ட மாதிரியே தெரியும், ஆனால் இறுகியது பெல்ட்டின் மேல். கொஞ்ச தூரம் ஓடியதும் பெல்ட் நகர, நட் தளர்ந்து கிராங்க் தண்டு முனையின் பற்களைத் தின்றுவிடும். ஐநூறு ரூபாய் சொச்ச வேலை எஞ்சினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். அதனால் கன்னை ஓரமாக வைத்துவிட்டு டார்க் ரெஞ்சில்தான் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கினேன். ஹோல்டரும் இரவல்தான்.

தட்டுகளின் முகத்தை பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தேன். அங்கே துளி எண்ணெய்கூட ஆகாது. பெல்ட்டில் அச்சிட்ட அம்புக்குறி சுழலும் திசையைக் காட்ட வேண்டும். மூடியைப் போடுமுன் பின்புல்லியைக் கையால் சுற்றிச் சுற்றி பெல்ட் பழைய உயரத்துக்கு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் என் மனைவி. முன்பு இறங்கித் தள்ளலாமா என்று யோசிக்க வைத்த வளைவுகளில் இப்போது இழுக்கிறது. கிளம்பும்போது இருந்த உதறல் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருப்பது கிளட்ச் மணியின் உள்பக்கம் மினுமினுவென்று ஏறியிருக்கும் பளபளப்பால்தான் என்று நினைக்கிறேன். அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது உப்புத்தாள் போட வேண்டும்.