பெருமை எந்த மருந்துக்கு?

முதலில் வலது காதில் பஸ் இன்ஜின் ஓடுவதுபோல ஓர் இரைச்சல், கூடவே அடைப்பு. பிறகு ஒருநாள் வேலையிடத்தில் சுவரெல்லாம் சுழல ஆரம்பித்தது. வாந்தி வேறு. மூன்று மணி நேரம் கண்ணைத் திறக்க முடியவில்லை.

பலதுறை மருந்தகத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். சிங்கப்பூர் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் வேண்டுமென்றால் இப்படிக் கடிதத்தோடு போக வேண்டும்.

அங்கே சத்தம் புகாத சிறிய அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கீச்சென்ற ஒலிகள் தெளிவாகக் கேட்டன. தாழ்ந்த ஒலிகள்தான் நழுவின. டாக்டர் வரைபடத்தில் கோடு இறங்கியிருந்த இடது ஓரத்தைக் காட்டி, மெனியர் நோய் என்றார். காது நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். உள்காதில் திரவம் மிகுந்துபோவதோடு தொடர்புள்ள நோயாம். ஏன் மிகுகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

தலைசுற்றலுக்கு பீட்டாஹிஸ்டின் என்ற மாத்திரை தந்து உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரை சுலபம். உணவங்காடியில் உப்பைக் குறைப்பதுதான் பெரும்பாடு: மீ சோத்தோ என்ற சூப் நூடுல்ஸில் சூப்பை விட்டால் என்ன மிச்சம்? ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் போயின.

அம்மா காதில் எண்ணெய் விடச் சொன்னார். செவிப்பறை முழுசாக இருந்தால் எண்ணெய் அதைத் தாண்டாது, ஓட்டை இருந்தால் விடவே கூடாது என்றார் டாக்டர். சீன நண்பர் சொல்லி, பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் அக்குபங்சரும் போய்ப் பார்த்தேன். கழுத்து இறுக்கம் தளர்ந்து நன்றாகத் தூங்கினேன். அவர் கொடுத்த மூலிகைப் பொடியை மட்டும், டாக்டரிடம் காட்டிவிட்டு, நிறுத்திவைத்தேன்.

சில மாதங்கள் தலைசுற்றலே இல்லை. காரணம் மாத்திரையா, அக்குபங்சரா, உப்பைக் குறைத்ததா? ஆளுக்கொன்று சொன்னார்கள். 2016இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில் 221 பேரை மூன்றாகப் பிரித்து, இரண்டு அளவுகளில் பீட்டாஹிஸ்டினும், மருந்தில்லாத போலி மாத்திரையும் ஒன்பது மாதம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பிரிவிலும் சுற்றல் ஒரேபோலக் குறைந்ததாம். இது தானாகவே ஏறி இறங்கும் நோய். இறங்கும் நேரத்தில் எதைச் சாப்பிட்டோமோ அதற்கே பெருமை போய்விடுகிறது. அதனால் தேதி, எவ்வளவு நேரம், அன்று என்ன சாப்பிட்டேன் என்று எல்லாவற்றையும் குறிக்க ஆரம்பித்தேன். அடுத்த முறை டாக்டர் அதிகம் பார்த்தது அந்த நோட்டைத்தான்.

மறுபடி சுற்றியபோது செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி. மரப்பு மருந்து போட்டும் சுருக்கென்றது. அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்து, பேசாமல், எச்சில் விழுங்காமல் இருக்கச் சொன்னார்கள். எச்சில் விஷயம்தான் கஷ்டம். இதற்கும் அடங்காவிட்டால் ஜென்டாமைசின் என்ற மருந்தை அதேபோல ஊசியாகப் போடுவதும் உண்டு. அது சமநிலை உறுப்பையே முடக்கும், கேட்கும் திறனும் போகலாம் என்பதால் அவசரப்படவில்லை.

ஊசிக்குப் பின் சுற்றல் வரவில்லை, இரைச்சல் மட்டும் இருக்கிறது. அம்மாவைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் தேக்கா சந்தையில் வாங்கிய இந்துப்புதான் காரணம் என்கிறார். அதுவும் உப்புதான், அதே சோடியம்தான் அம்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.